வறண்ட பூமியில் தற்சார்பு: மேற்கு ஆப்பிரிக்கக் குடியானவர்கள் கண்ட வழி

ஏழைக் குடியானவனுக்குச் செய்யும் உதவி இரு வகைப்படும். பஞ்ச காலத்தில் அவனுக்குத் தானியம் கொடுத்து உயிரைக் காப்பது ஒன்று. அடுத்த பஞ்சத்தில் அவன் பிறர் கையை எதிர்பாராதபடி அவனுடைய நிலத்தை வலுவுறச் செய்வது மற்றொன்று. முதலாவது இன்றியமையாதது, எனினும், தானியம் தீர்ந்ததும் அதன் பயனும் தீர்ந்துவிடும். இரண்டாவது மெதுவாய்ப் பயன் தருவது. ஆயினும் வேரூன்றிவிட்டால் தலைமுறைகளுக்கு நிற்பது. இவ்விரண்டாம் வகை உதவி எவ்விடத்தில் பலித்தது, எவ்விடத்தில் பலிக்கவில்லை என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட பிரதேசத்தைப் போன்ற தெளிவான சான்று வேறு கிடைப்பது அரிது.

ஆப்பிரிக்கா பல தேசங்களும் பலவகைப் பூமிகளும் அடங்கிய பெருங்கண்டம். அது முழுமைக்கும் ஒரே வழி கூறுதல் பொருந்தாது. இக்கட்டுரை சஹாரா பாலைவனத்தின் தென்விளிம்பிலுள்ள சஹேல் என்னும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதிலும் புர்க்கினா பாசோவின் வடக்கிலுள்ள யத்தெங்கா மாகாணத்தையும், நைஜர் தேசத்தின் தென்பகுதியையும் விசேஷமாகக் கூறுகிறது. அங்குள்ளோர் பயிரிடுவன கம்பும் சோளமும் தட்டைப்பயறுமே. தமிழ்நாட்டுப் புன்செய்களில் விளையும் கம்பு மேற்கு ஆப்பிரிக்காவில் முதன்முதல் பயிராக்கப்பட்டு, ஏறத்தாழ 4,000 வருஷங்களுக்கு முன்னர் இந்தியாவை அடைந்த தானியமாகும். ஆதலின் அந்நாட்டுக் குடியானவனின் கவலைகள் மானாவாரிச் சாகுபடி செய்வோர்க்கு அந்நியமானவை அல்ல.

நிலமும் மழையும்

யத்தெங்காவில் வருஷத்திற்கு ஒரே மழைக்காலம். ஜூன் மாதம் தொடங்கி செப்டம்பரில் அது முடிந்துவிடும். மொத்த மழை சாதாரணமாய் 16 முதல் 28 அங்குலத்திற்குள் அடங்கும். எஞ்சிய எட்டு மாதமும் வெயிலும் உலர்காற்றுமே. 1968ஆம் வருஷம் முதல் 1973 வரையில் மழை தொடர்ந்து பொய்த்தது. 1980க்குப் பின்னும் பலமுறை பொய்த்து, 1984இல் கடும் பஞ்சம் நேர்ந்தது. கால்நடைகள் மடிந்தன, கிணறுகள் வற்றின, ஆண்மக்கள் பலர் தெற்கேயுள்ள ஐவரி கோஸ்ட் தேசத்திற்குக் கூலி வேலை தேடிச் சென்றனர், குடும்பங்கள் பல ஊரைவிட்டே பெயர்ந்தன.

மழை குறைந்தது பாதிக் கேடு. பெய்த மழை நிலத்தில் இறங்காமற் போனது மற்றைப் பாதி. முன்னாளில் சில வருஷம் பயிரிட்டபின் நிலத்தைப் பல வருஷம் தரிசாக விடும் வழக்கம் அங்கே இருந்தது. ஜனத்தொகை பெருகவே தரிசுக் காலம் குறுகியது. மரங்களும் புதர்களும் விறகுக்காக வெட்டப்பட்டன. மூடாப்பு இழந்த மண்ணின்மேல் மழைத்துளிகள் நேரே மோதியதால் மேற்பரப்பு இறுகிப் பொருக்குக் கட்டிற்று. இவ்வாறு ஓடுபோல் இறுகிய வெற்று நிலத்தை அந்நாட்டு மொஸ்ஸி ஜனங்கள் 'ஸிப்பெலே' என்பர். அதன்மேல் எவ்வளவு மழை பெய்தாலும் நீர் வழிந்தோடுமேயன்றி உள்ளே இறங்குவதில்லை. அதில் விதைத்த விதையும் முளைப்பதில்லை.

பயன்படாமற்போன பெருமுயற்சி

இக்கேட்டைத் தடுக்கும் முயற்சி பஞ்சத்திற்கு முன்பே தொடங்கியது. 1962 முதல் 1965 வரையில் ஐரோப்பியப் பொருளுதவியுடன் ஒரு பெருந்திட்டம் யத்தெங்காவில் நடந்தது. கனத்த இயந்திரங்களைக் கொண்டு, ஏறத்தாழ 1,20,000 ஹெக்டேரில், அதாவது சுமார் 3 லட்சம் ஏக்கரில், மண் வரப்புகள் போடப்பட்டன. பொறியியல் கணக்குப்படி அவை பிழையற்றவையே. ஆயினும், வரப்புகள் எவ்விடத்தில் வரவேண்டும் என்று நிலத்துக்கு உடையவர்களை எவரும் கேட்கவில்லை. மழைநீர் முழுவதையும் மண் வரப்பு தடுத்ததால், சில இடங்களில் நீர் தேங்கிற்று. சில இடங்களில் கரை உடைந்தது. உடைந்ததைச் செப்பனிடும் வேலை தமக்குரியது என்று குடியானவர்கள் கருதவில்லை. தம்மைக் கேளாமல் வந்த வரப்பு, சர்க்காரின் வரப்பு என்றே அவர்கள் நினைத்தனர். சில வருஷங்களுக்குள் வரப்புகள் பெரும்பாலும் கரைந்து மறைந்தன. பின்வந்தோர்க்கு இது நல்ல பாடமாயிற்று.

எருக்குழி முறை

ஸிப்பெலே நிலத்தில் சிறு குழிகள் தோண்டி விதைக்கும் பழைய வழக்கம் ஒன்று யத்தெங்காவில் உண்டு. அதற்கு 'ஸாய்' என்று பெயர். அதிகாலையில் எழுந்து நிலத்தைத் திருத்த விரைதல் என்ற பொருளுடைய சொல்லினின்று இப்பெயர் வந்ததென்பர். மழை நன்கு பெய்த தலைமுறையில் இவ்வழக்கம் அருகிப்போயிற்று. 1980ஆம் வருஷத்தையொட்டி, கூர்கா கிராமத்தினரான யக்கூபா சவடோகோ என்ற குடியானவர் இதனை மீண்டும் கையிலெடுத்துத் திருத்தினார். இவர் உவாஹிகூயா நகரச் சந்தையில் கடை வைத்திருந்தவர். பஞ்ச காலத்தில் கடையை விட்டுவிட்டு, மற்றவர்கள் ஊரைவிட்டுச் சென்றுகொண்டிருந்தபோது ஊருக்குத் திரும்பியவர். அவர் செய்த திருத்தம் இரண்டு: குழியைப் பெரிதாக்கினார், குழிக்குள் எருவிட்டார்.

செய்முறை வருமாறு. அறுவடை முடிந்தபின், கோடையிலேயே குழிவெட்டு தொடங்கும். குழியின் விட்டம் 8 முதல் 12 அங்குலம்; ஆழம் 4 முதல் 8 அங்குலம். தோண்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்புறத்தில் பிறைபோல் அணைத்து வைத்தால், மேலிருந்து வரும் நீர் குழிக்குள் திரும்பும். குழிக்குக் குழி 3 அடி இடைவெளி விட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 4,800 குழிகள் ஆகும். இடைவெளி இரண்டரை அடியானால் ஏறத்தாழ 7,000 ஆகும். ஒவ்வொன்றிலும் நன்கு மக்கிய தொழுவெரு இரண்டு கைப்பிடி இட்டு, மெல்லிய மண் மூடி, முதல் மழையில் கம்பு அல்லது சோளம் விதைக்கப்படும்.

இதனால் விளையும் அனுகூலங்கள் பல. வழிந்தோடும் நீர் குழியில் நின்று இறங்குகிறது. கோடைக் காற்றில் வரும் புழுதியும் சருகும் குழியில் தங்குகின்றன. எரு நிலம் முழுவதும் சிதறாமல் பயிரின் வேரடியிலேயே இருப்பதால், சிறிதளவு எருவே போதுகிறது. விசேஷமாகக் குறிப்பிடத்தக்கது கறையானின் வேலை. குடியானவர் சத்துருவாகக் கருதும் கறையான், இங்கே சருகையும் எருவையும் நாடி வந்து, இறுகிய மண்ணைத் துளைத்து நுண்ணிய வழிகளை உண்டாக்குகிறது. அவ்வழிகளினூடே நீர் ஆழமாய் இறங்குகிறது. கலப்பையும் நுழையாத பொருக்கைக் கறையான் கூலியின்றி உழுது கொடுக்கிறது.

பலன் எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. ஒரு மணியும் விளையாத ஸிப்பெலே நிலத்தில், மழை குறைந்த வருஷத்திலும் ஹெக்டேருக்கு 300 முதல் 400 கிலோகிராம் வரையில், அதாவது ஏக்கருக்கு 120 முதல் 160 கிலோகிராம் வரையில் தானியம் கண்டதாக ஆராய்ச்சியாளர் பதிந்துள்ளனர். நல்ல மழையும் போதிய எருவும் அமைந்தபோது ஏக்கருக்கு 600 கிலோகிராம் வரையிலும் கிடைத்ததுண்டு. செழிப்பான நஞ்செயோடு ஒப்பிட்டால் இது அற்பமே. ஆனால் வெறுங்கட்டாந்தரையில் குடும்பத்தின் பல மாத உணவு விளைவது அற்பமன்று.

இதற்குரிய செலவு பெரும்பாலும் உடலுழைப்பே. ஹெக்டேருக்கு 300 மணிநேரத்திற்குக் குறையாத வேலை உண்டு. ஏக்கருக்கு 120 மணியும் அதற்கு மேலும் ஆகும். ஒருவர் நாளொன்றுக்கு ஆறு மணிநேரம் குழிவெட்டினால், ஓர் ஏக்கர் முடிய இருபது நாளுக்கு மேற்படும். எனினும் அவ்வேலை பயிர் வேலையில்லாத கோடையில் நடப்பது. ஒரே கோடையில் முழுநிலத்தையும் முடிக்க வேண்டுமென்பதுமில்லை. வருஷத்திற்குச் சிறிதாக விஸ்தரித்துக்கொண்டு போகலாம்.

சவடோகோவை ஆரம்பத்தில் அயலார் பைத்தியக்காரர் என்றனர். எருவோடு வந்த மரவிதைகள் குழிகளில் முளைத்தபோது அவற்றையும் களையாமல் அவர் வளர்த்தார். அவ்வாறு எழுந்த தோப்புக்கு ஒருமுறை தீ வைக்கப்பட்டதும் உண்டு. அவர் மனந்தளரவில்லை. 1984 முதல் தம் கிராமத்தில் சந்தை நாள் ஒன்று கூட்டிப் பல ஊர்க் குடியானவர்களை வரவழைத்து, விதைகளை மாற்றிக்கொள்ளவும் முறையைக் கற்றுக்கொள்ளவும் செய்தார். அவருடைய தோப்பு பல வகை மரஞ்செடிகள் நிறைந்த சிறு வனமாயிற்று. 2018ஆம் வருஷம் ஸ்வீடனில் வழங்கப்பெறும் நல்வாழ்வுரிமை விருதும், 2020இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் விருதும் அவருக்குக் கிடைத்தன. 2023ஆம் வருஷம் டிசம்பரில் அவர் காலமானார்.

கல்வரப்பு

இதே காலத்தில், 1979 முதல், ஆக்ஸ்பாம் என்னும் தர்ம ஸ்தாபனம் யத்தெங்காவில் மரம் வளர்க்கும் திட்டம் ஒன்றை நடத்திற்று. குடியானவர்கள் மரத்தைவிடத் தானியத்திலேயே ஆவல் கொண்டிருந்ததை ஊழியர்கள் கண்டு, திட்டத்தையே மாற்றிக்கொண்டனர். வயலில் சரிவுக்குக் குறுக்கே கற்களை வரிசையாக வைப்பது அந்நாட்டுப் பழைய வழக்கம். அதிலிருந்த குறை, வரிசை சமமட்டத்தில் அமையாததே. தாழ்ந்த இடத்தில் நீர் கூடி அரித்துவிடும். சமமட்டம் காண்பதற்கு விலையுயர்ந்த கருவியும் படித்த சர்வேயரும் வேண்டும் என்ற எண்ணத்தை இத்திட்டம் மாற்றிற்று.

அவர்கள் கையாண்டது, கொத்தனார்கள் சுவர் மட்டம் பார்க்கும் நீர்க்குழாயே. கண்ணாடிபோல் தெளிவான நீண்ட குழாயின் இரு முனைகளையும் அளவு குறித்த இரண்டு கம்புகளில் கட்டி, உள்ளே நீர் நிரப்ப வேண்டும். இரு கம்புகளிலும் நீர் ஒரே குறியில் நின்றால், அவ்விரண்டு இடங்களும் ஒரே மட்டம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஓரிரு நாட்களில் இதனைக் கற்றுக்கொண்டனர். விலையும் மிகச் சொற்பம்.

அம்மட்டத்தில் ஓர் அடிக்கு மேற்படாத உயரத்தில் கற்கள் அடுக்கப்பட்டன. மண் வரப்பு நீரை அடியோடு தடுப்பது. கல்வரப்போ நீரின் வேகத்தைத் தணித்து, இடுக்குகளின் வழியே மெல்லக் கசிய விடுவது. ஆகையால் பெருமழையிலும் அது உடைவதில்லை. அதன் மேற்புறத்தில் வண்டலும் சருகும் புல்விதையும் தங்கி, நிலம் படிப்படியாகத் தட்டையாகிறது. கல்வரப்புக்கு இடையில் எருக்குழிகளை அமைத்தபோது இரண்டின் பலனும் கூடிற்று. நீரோட்டத்தால் குழிகள் தூர்ந்துபோகாமல் வரப்பு காத்தது. பல கிராமங்களில் கிணற்று நீர்மட்டம் உயர்ந்ததையும் ஆராய்ச்சியாளர் குறித்துள்ளனர்.

அடிக்கட்டையில் துளிர்த்த மரங்கள்

நைஜர் தேசத்து மராதிப் பகுதியில் நேர்ந்தது இதனினும் வியப்பானது. அங்கே டோனி ரினோடோ என்ற ஆஸ்திரேலியர், கிறிஸ்தவ ஊழிய ஸ்தாபனத்தின் சார்பில், நாற்றங்காலில் மரக்கன்றுகள் வளர்த்து நட்டு வந்தார். நட்டவற்றுள் பெரும்பாலானவை வெயிலாலும் மணற்காற்றாலும் ஆடுமாடுகளாலும் பட்டுப்போயின. 1983ஆம் வருஷம், வயலில் புதர்போல் தோன்றியவை உண்மையில் வெட்டுண்ட மரங்களின் அடிக்கட்டையினின்று துளிர்த்தவை என்பதை அவர் கண்டார். மண்ணுக்கடியில் பழைய வேர்கள் உயிரோடிருந்தன. குடியானவர்கள் ஒவ்வொரு வருஷமும் விதைப்புக்கு முன் அத்துளிர்களை வெட்டி எரித்து வந்தனர். ஆகவே, மரம் நடுவது அவசியமில்லை; வெட்டாமல் விடுவதே போதும்.

முறை எளிது. அடிக்கட்டையில் எழும் பல துளிர்களுள் வலியவை சிலவற்றை நிறுத்தி, ஏனையவற்றை அறுத்து விறகாக்க வேண்டும்; நிறுத்தியவற்றின் கீழ்க்கிளைகளைக் கழித்து நேராக வளர்க்க வேண்டும். வேர் முன்பே ஆழத்தில் இருப்பதால் வளர்ச்சி விரைவாயிருக்கும். வேல மரத்திற்கு உறவான 'காவ்' என்னும் மரம் இவற்றுள் மிகவும் விரும்பப்படுவது. அது மழைக்காலத்தில் இலையுதிர்த்துக் கோடையில் தழைப்பது. ஆதலின் பயிர்க்காலத்தில் நிழலால் கெடுதியில்லை. உதிர்ந்த இலை எருவாகிறது. கோடையில் காய் கால்நடைகளுக்குத் தீனியாகிறது.

இம்முறை பரவுவதற்குச் சட்டமே முதலில் தடையாயிருந்தது. பிரெஞ்சு ஆட்சிக்காலம் முதல் மரங்கள் சர்க்காருக்குரியவை என்றும், அனுமதியின்றி வெட்டினால் அபராதம் என்றும் விதியிருந்தது. தன் வயலில் வளரும் மரம் தனக்கில்லை என்றால், அதனைக் குடியானவன் ஏன் காப்பான்? துளிரிலேயே வெட்டிவிடுவது அவனுக்கு லாபமாயிருந்தது. மராதியில் வனத்துறை அதிகாரி அவ்விதியை வற்புறுத்தாமல் விட்டுக்கொடுத்தார். வளர்த்தவர் தம் மரத்தைக் கழித்து விறகு விற்கலாம் என்ற உறுதி ஏற்பட்டவுடன் மரங்கள் பெருகின. 2009ஆம் வருஷத்து மதிப்பீட்டின்படி, தென் நைஜரில் 50 லட்சம் ஹெக்டேர் பரப்பில் ஏறத்தாழ 20 கோடி மரங்கள் இவ்வாறு எழுந்துள்ளன. அவற்றைக் குடியானவர்கள் பெரும்பாலும் தாமாகவே ஒருவரைப் பார்த்து ஒருவராக வளர்த்தனர்.

குழிமுறை பரவியதும் அவ்வாறே. நைஜரிலுள்ள இல்லேலா என்னும் பகுதிக் குடியானவர் சிலர் 1989இல் யத்தெங்காவுக்குச் சென்று எருக்குழிகளைக் கண்ணால் பார்த்துத் திரும்பித் தம் நிலத்தில் செய்தனர். அடுத்த வருஷம் மழை குறைந்தபோது குழி வெட்டிய வயல்கள் மட்டும் கதிர் விட்டதைக் கண்டு அயலாரும் தொடர்ந்தனர். விலைபோகாத கட்டாந்தரைக்கு அங்கே விலை ஏற்பட்டது.

களஞ்சியமும் கடனும்

விளைவு கூடினால் மட்டும் தற்சார்பு வந்துவிடாது. அறுவடையானவுடன் கடனுக்கும் துணிக்கும் மணச்செலவுக்குமாகக் குடியானவன் தானியத்தைக் குறைந்த விலைக்கு விற்று, சில மாதங்களில் அதே தானியத்தை உயர்ந்த விலைக்கு வாங்கும் அவலம் எந்நாட்டிலும் உள்ளதே. இதற்கு மாற்றாக, நைஜரில் 1999 முதல் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய ஸ்தாபனத்தின் துணையுடன் களஞ்சியக் கடன் முறை பரப்பப்பட்டது. குடியானவர் சங்கத்தின் களஞ்சியத்தில் தானியத்தை ஒப்படைத்து, அதன் ஈட்டின்பேரில் பணம் பெறுவர். களஞ்சியத்திற்கு இரண்டு பூட்டு. ஒரு திறவுகோல் சங்கத்தாரிடமும், மற்றொன்று கடன் கொடுத்தவரிடமும் இருக்கும். பெற்ற பணத்தில் கோடையில் காய்கறி பயிரிட்டோ ஆடு கொழுக்க வைத்தோ வருவாய் தேடுவர். விலை ஏறியபின் தானியத்தை மீட்டு உண்பர் அல்லது விற்பர்.

இதனோடு இணைந்ததே சிற்றளவு உரமிடுதல். ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் தலைமையிடம் கொண்ட சர்வதேச வறள்வெப்பப் பயிர் ஆராய்ச்சி நிலையமும் அதன் கூட்டாளிகளும் இதனைப் பரப்பினர். சோடாப் புட்டியின் மூடியளவு உரத்தை விதையோடு குழியில் இடுவதே இம்முறை. மூட்டை உரம் வாங்க இயலாதவனும் மூடியளவு வாங்க இயலும்.

குறைகளும் எச்சரிக்கையும்

இம்முறைகள் எல்லா நிலத்துக்கும் ஏற்றவை என்று கருதலாகாது. எருக்குழி ஏறத்தாழ 12 முதல் 32 அங்குல மழையுள்ள இறுகிய நிலத்துக்கே உரியது. மணற்பாங்கான நிலத்தில் குழி சரிந்துவிடும்; மழை மிகுந்த இடத்தில் நீர் தேங்கி வேர் அழுகும். எருவில்லாத குழியால் பயன் குறைவு; ஆடுமாடு இல்லாத பரம ஏழைக்கு எருவே அரிது. கற்கள் தூரத்திலிருந்தால் வண்டியில்லாமல் கல்வரப்பு இயலாது. இங்கேதான் வெளியுதவி உண்மையாக வேண்டப்படுகிறது. ஆண்கள் வெளியூர் சென்ற குடும்பங்களில் குழிவெட்டும் கல்சுமப்பும் பெண்களின் தலைமேல் விழுகின்றன.

நிலவுரிமைச் சிக்கலும் உண்டு. இரவல் நிலத்தைப் பாடுபட்டுத் திருத்தியபின் உடையவர் திரும்பக் கேட்டுவிடுவாரோ என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. மரம் நடுவது உரிமை கோருவதாகும் என்ற வழக்கத்தால், இரவல் நிலத்தில் மரம் நட அனுமதியும் கிடைப்பதில்லை. சவடோகோவின் வனத்திலேயே, நகரம் விரிந்தபோது ஒரு பகுதி மனைகளாகப் பிரிக்கப்பட்டது. இவற்றிற்கு மேலாக, 2015க்குப் பின் வட புர்க்கினா பாசோவில் ஆயுதக் கூட்டத்தாரின் கலகத்தால் லட்சக்கணக்கானோர் ஊர்களை விட்டு ஓட நேர்ந்தது. சமாதானமில்லாத ஊரில் திருந்திய நிலமும் தரிசே.

முடிவுரை

மேற்கூறியவற்றினின்று, கிராம அபிவிருத்தியில் ஈடுபட்டோர் கவனிக்கத்தக்கவை சில.

1. புதிய முறையைப் புகுத்துமுன், அவ்வூரில் கைவிடப்பட்ட பழைய முறை யாது என்று விசாரித்தல் வேண்டும். குழியும் கல்வரிசையும் ஊரார் அறிந்தவையே. சிறு திருத்தமே தேவைப்பட்டது.

2. கருவி, குடியானவன் தானே வாங்கவும் செப்பனிடவும் கூடியதாயிருத்தல் வேண்டும். இயந்திரம் போட்ட வரப்பு கரைந்தது. நீர்க்குழாய் கொண்டு இட்ட கல்வரப்பு நின்றது.

3. பலன் முதல் வருஷத்திலேயே ஓரளவேனும் கண்ணுக்குத் தெரிதல் வேண்டும். ஒரு வருஷம் பசித்திருந்து மறுவருஷம் உண்ண ஏழையால் இயலாது.

4. நூறு உபதேசத்தினும் அயலான் வயலில் நிற்கும் ஒரு கதிர் மேலானது. ஆகவே குடியானவரைக் குடியானவரிடமே அழைத்துச் சென்று காட்டுதல் நலம்.

5. நிலத்திலும் மரத்திலும் பாடுபட்டவனுக்கு உரிமை உறுதியாயிருத்தல் வேண்டும். இதனைச் செய்யத்தக்கவர் அதிகாரிகளே. இதற்குப் பணச்செலவும் அதிகமில்லை.

யத்தெங்காவிலும் மராதியிலும் வறுமை முற்றும் ஒழிந்துவிடவில்லை. மழை தவறினால் இன்றும் துன்பம் உண்டு. ஆயினும், வீணென்று கைவிடப்பட்ட நிலத்தில் தானியமும் விறகும் தீனியும் விளைந்தன. அவற்றை விளைத்தவர் அந்நிலத்துக் குடிகளே. அவர்களிடம் முன்பே இருந்த அறிவை மதித்து, அவர்கள் கைக்கு எட்டாத ஒன்றை மட்டும் எட்டச் செய்து, இடையூறான விதியை விலக்கி நின்றவரே அவர்களுக்கு உண்மையான உதவி செய்தவராவர்.